மலைவழி நடத்தல் சைவத்திற்குப் புறம்போ?

பழனிமலைத் தொடரின் பழைய ஒற்றையடி வழிகளிற் காலால் நடந்து ஏறுதல் சைவர்க்கு உரிய செயலாகுமோ ஆகாதோ என்னும் வழக்கு, அன்பர்கள் கூடிப் பேசும் இடங்களில் இக்காலத்து அடிக்கடி எழக் காணலாம். ஒரு சாரார் ஆகாதென்பர். அவர் கூறுமாறு: இஃது ஐரோப்பியர் கொணர்ந்த பொழுதுபோக்கு, 'டிரெக்கிங்' என்னும் பெயரே அதற்குச் சான்று, சித்தாந்த சைவன் இறைவனை அகத்தே காண்பவனாதலின் அவன் காட்டிலும் மேட்டிலும் அலைதல் வீண், பழனியம்பதியில் இழுவை ரயிலும் ரோப்காரும் ஓடும் இந்நாளிற் காலை வருத்துதல் பேதைமை என்பதாம். மற்றொரு சாரார் இதற்கு நேர்மாறாகக் கூறுவர். மலையேறுதல் ஒன்றே போதும். உச்சியை வென்று திரும்புதலே பயன். இடைவழியில் உள்ள கோயில் புகைப்படத்திற்கு அழகு செய்வதொரு பொருள் என்பது இவர் துணிபு. இவ்விரு சாராரும் தம்முள் மாறுபட்டார் போலத் தோன்றினும், மலையை வெறுங் கல்லும் மண்ணுமாகக் கொள்ளுதலில் ஒருமைப்பட்டவரே யாவர். இருவர் கொள்கையும் திருமுறைக்கும் சாத்திரத்திற்கும் ஒவ்வாவென்பது ஈண்டு ஆராயப்படும்.

முதலிற் பெயரைப் பற்றிய தடையை நோக்குக. 'டிரெக்' என்பது தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த டச்சு மரபினரான போயர், மாட்டுவண்டி கட்டிக்கொண்டு குடிபெயர்ந்து சென்றதைக் குறித்த சொல். வண்டியிழுத்தலே அதன் முதற்பொருள். ஆகவே அச்சொல் நடத்தலையே குறித்ததன்று. பெயர் பிறமொழியது என்பது கொண்டு செயலையும் பிறருடையதென முடிவு செய்வார், காப்பி அருந்துவதைப் பற்றியும் அவ்வாறே முடிவு செய்து அதனை விட்டொழிப்பாராக.

இனிக் கொடைக்கானல் நகரம் ஐரோப்பியராலும் அமெரிக்கராலும் ஆக்கப்பட்டதென்பது மெய்யே. அதனை மறுப்பார் இலர். 1821-ஆம் ஆண்டில் லெப்டினன்ட் வார்டு என்னும் நில அளவையாளர் இம்மலைகளை அளந்து சென்றார். 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன் பாதிரிமார் சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்க்கும் ஆற்றாது முதல் வீடுகளை அங்குக் கட்டினர். 1863-இல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு என்பார் ஓடையை மறித்து ஏரி அமைத்தார். 1872-இல் கோக்கர் பெயரால் வழங்கும் நடைபாதை மலைவிளிம்பில் வெட்டப்பட்டது. இவையெல்லாம் நகரத்தின் வரலாறு. மலையின் வரலாறு இவற்றோடு தொடங்கியதன்று. தாண்டிக்குடி முதலாய இடங்களிற் பெருங்கற்காலத்து மக்கள் எடுத்த கற்றிட்டைகள் இன்றும் நிற்கின்றன. அவற்றை ஆராய்ந்து ஆங்கிலாடு, நியூட்டன் என்னும் இரு பாதிரிமார் எழுதிய நூலினை இந்தியத் தொல்பொருள் துறை 1928-இல் வெளியிட்டது. பளியரும் குன்றுவரும் இம்மலையில் வாழ்ந்த காலத்திற்கு முன் ஐரோப்பாவிற் கொடைக்கானல் என்னும் பெயரை அறிந்தார் ஒருவரும் இலர்.

வழியைப் பற்றிய செய்தி இன்னும் நகைப்பிற்குரியது. இப்பொழுது மோட்டார் செல்லும் மலைப்பாதை 1916-ஆம் ஆண்டிலேயே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர்க் கொடைக்கானல் சென்றோர் பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரையில் மாட்டுவண்டியில் வந்து, அங்கிருந்து வெள்ளகவி என்னும் சிற்றூர் வழியாகச் செண்பகனூருக்கு ஏறினர். துரைமாரும் அவர்தம் மனைவி மக்களும் பெரும்பாலும் நாற்காலியிலும் டோலியிலும் அமர்ந்தும், சிலர் மட்டக் குதிரையில் ஏறியும் சென்றனர். அந்நாற்காலிகளைத் தோளிற் சுமந்து செங்குத்தான மலையில் அடிமேல் அடி வைத்து ஏறியவர் தமிழ்க் கூலியாட்கள். அவ்வழிக்குக் கூலிவழி என்றே ஆங்கிலத்திற் பெயர் வழங்கியது. அற்றேல், மலைவழி நடத்தல் ஐரோப்பியர் பழக்கம் என்பது எவ்வாற்றாற் பொருந்தும்? அமர்ந்து சென்றார் அவர். நடந்து சென்றார் இவர். ரோப்காரில் அமர்ந்து செல்வதே சைவர்க்குத் தக்கதென வாதிப்போர், தாம் யாருடைய பழக்கத்தைப் போற்றுகின்றார் என்பதை எண்ணிப் பார்ப்பாராக.

பழந்தமிழ் நூல்களைப் பயின்றார்க்கு இத்தடை எழுதற்கே இடமில்லை. பத்துப்பாட்டினுள் மலைபடுகடாம் என்னும் நூல், மலைவழி செல்வார்க்கு வழிகூறுதலையே பெரும்பொருளாக உடையது. தினைப்புனங்காப்போர் யானையை ஓட்ட வீசும் கவண்கற்கள், பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்பு உறையும் அளைகள், பாசி படர்ந்து வழுக்கும் பாறைகள், இருளில் நடவாது தங்க வேண்டிய முழைகள் எனக் கண்ணுற்றார் போல ஒன்றொன்றாக எடுத்துரைக்கும் அந்நூலுக்கு நிகரான மலைவழிகாட்டி இன்றைய நூற்கடைகளிலும் அரிது. மலைக்காட்சிகளில் மயங்கி நின்றால் வழி தப்பும் என்ற எச்சரிக்கையும் அதன்கண் உண்டு. அதனை இக்காலத்துக் கைப்பேசி ஏந்தி நடப்பாரும் ஓதியுணர்தல் நன்று. அந்நூல் நவிரமலையைக் கூறுங்கால் அங்கு எழுந்தருளிய காரியுண்டிக் கடவுளைக் கூறாது விடவில்லை. நஞ்சுண்ட பெருமானே அவன் என்பது வெளிப்படை. நவிரம் இக்காலத்துப் பருவதமலை என்பர்.

திருமுருகாற்றுப்படையோ பத்துப்பாட்டின் முதலில் நிற்பதன்றியும் பதினோராந் திருமுறையுள்ளும் வைக்கப்பட்டது. ஆற்றுப்படை என்பது யாது? ஆறு வழி, படுத்தல் செலுத்துதல். பேறு பெற்று மீள்வான் ஒருவன், பெறாது வருந்துவான் ஒருவனை எதிர்ப்பட்டு, இவ்வழியிற் செல்கவென வழிப்படுத்துதல் அதன் இலக்கணம். அப்பாட்டுக் கூறும் ஆறு நிலைகளுள் ஆவினன்குடியும் ஒன்று, குன்றுதோறாடலும் ஒன்று. குன்றுதோறாடல் என்பது ஓர் ஊரின் பெயரன்று. குன்று எத்துணையோ அத்துணையிலும் அவன் உளன் என்பதாம். அங்ஙனமாகப் பழனிக் குன்றுக்கு மேற்கும் தெற்குமாக அடுக்கடுக்காய் எழுந்து 2,500 மீட்டர்க்கு மேலும் உயரும் மலைகளை நோக்கி, இவற்றில் நடத்தற்குச் சைவனுக்கு ஏது வேலை என வினவுவது நக்கீரரை வினவுவதே யாகும்.

அதுவன்றிப் பழனிக் குன்றின் தலவரலாறே இமயத்திற்கும் தென்மலைக்கும் இடைப்பட்ட ஒரு நடையின் வரலாறு. கயிலையினின்றும் சிவகிரி சத்திகிரி என்னும் இரு குன்றுகளை அகத்தியரின் ஏவலால் இடும்பன் காவடியாகக் கட்டித் தோளிற் சுமந்து வந்தான். ஆவினன்குடி அருகே இளைப்பாற இறக்கினான். மீட்டும் எடுக்க இயலாதவனாய் முருகனோடு பொருது மாண்டு, அருளால் எழுந்து, மலைக்காவலன் ஆயினான் என்பது அவ்வரலாறு. தைப்பூசத்திற்குக் காவடியெடுத்துப் பல நாள் நடந்து வரும் நகரத்தாரும் எடப்பாடிப் பருவதராசகுலத்தாரும், பங்குனி உத்திரத்திற்குக் கொடுமுடிக் காவிரி நீர் சுமந்து வருவாரும் இடும்பன் நடையையே நடக்கின்றனர். இவர்களைக் கண்டு கைகூப்பும் அன்பர், அத்தொடரின் உட்புறத்து வழியே தனித்து நடப்பானைக் கண்டு முகஞ்சுளித்தல் என்னையோ?

இனிச் சாத்திரம் பற்றிய தடைக்கு வருவாம் எனில், அதுவே இவ்வழக்கின் உயிர்நிலை. தடை கூறுவார் கூற்று இது: முத்திக்கு நேர்வாயில் ஞானமே. நடத்தலும் சுமத்தலும் உடம்பாற் செய்யும் சரியைத் தொழில்கள், சரியை கீழ்ப்படி. மேலும் திருஞானசம்பந்தப் பெருமான் திருக்காளத்தியில் இருந்துகொண்டே கயிலையையும் கேதாரத்தையும் இந்திரநீலப் பருப்பதத்தையும் பாடித் தொழுதார். வடநாட்டு மலைகளுக்கு நடந்தாரில்லை. அப்பர் பெருமான் நடந்தார். ஆயினும் கயிலையைச் சென்றடைந்தாரில்லை. இறைவன் அவரைத் திருப்பி அனுப்பித் திருவையாற்றிலேயே கயிலைக் காட்சி காட்டினான். ஆகவே நடை பயனற்றதென்பது பெரியபுராணத்தாலேயே பெறப்படும் என்பர்.

கற்றார் சிலரும் இவ்வாதத்தில் மயங்குதலின் இதனைச் சிறிது விரித்து ஆராய்தல் வேண்டும்.

சரியை கீழ்ப்படி என்றார். படி கீழதாயின் அதனைத் தகர்த்துவிட்டு மேற்படியில் நிற்பது யாங்ஙனம்? சரியை கிரியை யோக ஞானங்களைத் தாயுமான அடிகள் அரும்பு மலர் காய் கனிகளுக்கு ஒப்பிட்டார். அரும்பைக் கிள்ளி எறிந்த கொடியிற் கனி தேடுவாரை உலகம் எவ்வாறு அழைக்குமோ அவ்வாறே இவரையும் அழைத்தல் தகும். உடம்பும் கருவிகளும் உலகும் நுகர்பொருளும் உயிரின் மலம் பக்குவப்படும் பொருட்டு இறைவனால் தரப்பட்டன என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. அக்கருவிகளுட் கன்மேந்திரியம் ஐந்தினுள் ஒன்றாகிய பாதத்திற்கு உரிய தொழில் நடத்தல். அதனை இறைபணிக்கு ஆக்காது விடுவார், கண்ணையும் செவியையும் மட்டும் இறைபணிக்கு ஆக்குவது என்ன நியாயத்தாலோ அறியோம் என்பார் வினாவிற்கு விடை கூறுதல் வேண்டும். அப்பர் திருவங்கமாலையில் தலை முதலாய உறுப்புக்கள் ஒவ்வொன்றற்கும் அதன் பணியை விதிக்குங்கால் கால்களை மறந்தாரில்லை.

இனிக் காளத்தியில் நிகழ்ந்ததை நோக்குக. சம்பந்தர் அங்கிருந்தே வடமலைகளைத் தொழுதார் என்பது உண்மை. அதே காளத்தியிற் கண்ணப்பர் திருமலையைத் தொழுத நாவுக்கரசர்க்குக் கயிலை காணும் வேட்கை எழுந்ததும் உண்மை. ஒரே தலம், ஒரே பொருள், இரண்டு நெறி. நால்வருள் நாவுக்கரசர் சரியை நெறிக்கும் சம்பந்தர் கிரியை நெறிக்கும் ஆசிரியர் என்பது சைவ மரபு. ஒருவர் செய்ததைக் காட்டி மற்றவர் செய்ததைத் தள்ளுவது, ஒரு கண்ணைக் காட்டி மறு கண்ணைக் குத்துவதாம். சம்பந்தர் சிறு பிள்ளை. அவர் அடிகள் நோவப் பொறாது இறைவனே அரத்துறையில் முத்துச்சிவிகை அருளினான். அச்சிவிகையைப் பூந்துருத்தியில் தோளிற் சுமந்தவர் யார்? கயிலைக்கு நடந்த அதே அப்பர். இதனால் ஒரு விதி பெறப்படும்: நடக்கலாற்றாத பாலர்க்கும் முதியர்க்கும் நோயாளர்க்கும் ஊர்தி இறைவனாலேயே தரப்பட்டது, அதனை இகழ்தல் பிழை. பழனியில் 1966 முதல் ஓடும் இழுவை ரயிலும் 2004 முதல் இயங்கும் ரோப்காரும் இம்முறையாற் போற்றத்தக்கனவே. ஆனால் இரு காலும் வலிய இளைஞன் ஒருவன் சம்பந்தர் சிவிகையைத் தனக்கு மேற்கோளாகக் காட்டுதல் நாணுத்தரும் செயல்.

அப்பர் நடை பயனற்றது என்றதோ, சேக்கிழார் பெருமான் கூறியதை முற்றும் படியாத குறை. காசியைக் கடந்தபின் மனிதர் செல்லாத காட்டினுள் அப்பர் தனியராகப் புகுந்தார், உணவையும் விடுத்தார், இரவும் பகலும் நடந்தார். அடிகள் தேய்ந்தன, கைகளாற் சென்றார். கைகளும் தேய்ந்தன, மார்பினால் ஊர்ந்தார். மார்பும் நைந்தது, புரண்டார். புரளவும் இயலாது கிடந்தார். அப்பொழுதே இறைவன் முனிவர் வேடத்தோடு ஒரு பொய்கையையும் உடன்கொண்டு தோன்றினான். மீள்க என்று அவன் சொல்லியபோதும், காணாமல் இவ்வுடம்பு கொண்டு மீளேன் என்ற கருத்தினராகவே அவர் இருந்தார். நடை பயனற்றதாயின் இறைவன் காளத்தியிலேயே வந்து தடுத்திருக்கலாம், பருப்பதத்தில் தடுத்திருக்கலாம், காசியில் தடுத்திருக்கலாம். எங்கும் தடுத்தானில்லை. உறுப்பெலாம் ஓய்ந்து, 'யான் நடக்கின்றேன்' என்பதற்கு இடமே இல்லாத நிலையில் வந்தான். திருவையாறு அப்பர் புறப்படுவதற்கு முன்னும் அவ்விடத்திலேயே இருந்தது. முன்னர்க் கிட்டாத காட்சி நடந்து நலிந்த பின்னர் அங்குக் கிட்டியது எதனால்? இவ்வினாவை மறுப்போர் ஒருமுறை தம்மைத்தாம் கேட்டுக்கொள்வாராக.

அவர் ஐயாற்றிற் கண்டது யாது என்பதும் கருதத்தக்கது. களிறும் பிடியும், சேவலும் பேடும், குயிலும் மயிலும் துணை துணையாய் வரக் கண்டு, அவற்றைச் சிவமும் சத்தியுமாகவே கண்டார். காட்டு வழியிற் பன்னாள் தனித்து நடந்த கண்ணுக்கு இக்காட்சி வந்தது. மோட்டாரின் கண்ணாடி வழியே களிற்றைப் பார்த்து ஆரவாரிக்கும் கண்ணுக்கு இது வருமா என்பது வேறு வினா.

இனி இரண்டாஞ் சாராரை நோக்குவாம் எனின், அவர்க்கு மறுப்புச் சுருக்கமாகவே அமையும். அதனைத் தேவாரம் பதிகந்தோறும் முன்னமே கூறிவைத்தது. சம்பந்தர் பதிகங்களின் எட்டாம் பாட்டிற் பெரும்பாலும் வருபவன் யார்? இராவணன். அவன் செய்த பிழை யாது? விமானம் ஏறி வந்தான். கயிலைமலை ஊர்திக்கு இடையூறாக நின்றது. பாகன் விலகிச் செல்லலாம் என்றான். கேளாது இழிந்து மலையைப் பெயர்த்தான். மலை ஊர்திக்கு வழிவிடல் வேண்டும் என்பதே அவன் கொள்கை. திருவிரல் ஊன்றிய கதை அனைவரும் அறிந்ததே. மலையை 'வென்றோம்' என்று எழுதுவாரும், மலையை வெடிவைத்துத் தகர்த்து வாசல் வரையில் வண்டி விடவேண்டும் என்பாரும் அவன் வழியினரே. அவனை ஒருபாலும் அப்பரை ஒருபாலும் நிறுத்தி நோக்குக. காலால் மிதிக்கவும் அஞ்சித் தலையால் நடந்து கயிலை ஏறிய காரைக்காலம்மையாரை அப்பர்க்கும் மேலே நிறுத்துக. 'வெற்றி' என்னும் சொல் இந்நடையில் எங்கே நுழையும்?

புறச்சமயத்தாரும் பிறநாட்டாரும் கூட இவ்வடக்கத்தை ஓரளவு அறிந்திருக்கின்றனர். 1955-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள் ஜார்ஜ் பேண்டு, ஜோ பிரவுன் என்னும் ஆங்கிலேயர் இருவர் காஞ்சனசங்கா மலையின் உச்சியை முதன்முறையாக எட்டினர். எட்டியும் உச்சிப் புள்ளியின்மேற் கால் வைக்காமல் சில அடி கீழே நின்று திரும்பினர். அம்மலை புனிதமென வழிபடும் சிக்கிம் மக்களுக்கும் அவர் மன்னர்க்கும் கொடுத்த வாக்கே காரணம். பின் வந்த பலரும் அம்முறையைப் போற்றினர். ஆங்கிலேயர் இருவர் காத்த அடக்கத்தைக் கொடைக்கானற் குன்றுகளில் நீறணிந்த நெற்றியோடு ஏறுவார் காவாமற் போவது வருந்தத்தக்கது. இமயத்திற் கேதாரநாதர்க்குச் சோன்பிரயாகையினின்று ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்திற்கு ரோப்வே அமைக்க மத்திய அரசு 2025 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. முதியோர்க்கு அது நன்றாகலாம். ஆயினும் அதே கேதாரப் பகுதியில் ஐங்கேதாரங்களுள் ஒன்றாகிய உருத்திரநாதர்க்கும், மற்றொன்றாகிய மத்தியமகேசுவரர்க்கும் மக்கள் இன்றும் பல கிலோமீட்டர் புல்வெளியிலும் காட்டிலும் நடந்தே செல்கின்றனர். கேதாரத்துக் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கும் அங்கு இல்லை என்னும்படி அமைதி நிலவுகின்றது. வடக்கே அவ்வழிகள் எத்தகையனவோ, தெற்கே பழனிமலைத் தொடரின் பழைய வழிகளும் அத்தகையன.

ஈண்டு ஓர் உண்மையை ஒளித்தல் நேர்மையன்று. கும்பக்கரையினின்றும் வட்டக்கானல் வரையில் ஏறும் அவ்வழியின் இடையே உள்ள வெள்ளகவி மக்கள், நெடுங்காலம் வண்டிப்பாதை இன்றி வாழ்ந்தவர். ஊருக்குள் அவர் செருப்பணிந்து நடவார். ஊர் முழுதும் தெய்வம் உறையும் இடம் என்பது அவர் கொள்கை. புதியராய் வருவாரும் எல்லையிற் செருப்பைக் கழற்றுதல் வேண்டும். வீடுகளினும் கோயில்கள் மிகுதி என்று அவ்வூரைப் பற்றிச் சொல்வதுண்டு. இம்மக்கள் நோயுற்றாரையும் கருவுற்றாரையும் துணித்தொட்டிலிற் கட்டிச் செங்குத்தான வழியே சுமந்து சென்ற துன்பம் பலரும் அறிந்தது. சாலை வேண்டிப் பல்லாண்டு முறையிட்டதும் அறிந்தது. நடைவழியின் அமைதியைப் போற்றுவார் சிலர், அச்சாலை வந்தால் வழியின் தூய்மை கெடும் என முணுமுணுக்கின்றனர். இது கொடிது. ஆண்டிற்கு ஒருமுறை இன்பத்திற்காக நடப்பவன், ஆண்டு முழுதும் வேறு வழியின்றி நடப்பவனை நோக்கி நீ இவ்வாறே நடந்துகொண்டிரு என்பதற்கு எந்த ஆகமமும் இடந்தராது. அடியார்க்கு உறும் துன்பம் துடைத்தலும் சரியையே. அப்பர் சிவிகை சுமந்ததும் அதுவே. ஊரார்க்குச் சாலை வேண்டுமாயின் வருக. அவ்வழக்கிற் புறத்தார்க்குப் பங்கில்லை. ஊரார் பெயரைச் சொல்லிக்கொண்டு விடுதி கட்டுவார்க்கும் அதிற் பங்கில்லை என்பதையும் உடன் சேர்த்துக்கொள்க.

கூட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். தைப்பூசத் திரளில் நடப்பதே சிறப்பென்பாரும், தனிவழியே சிறப்பென்று அதனை இகழ்வாரும் உளர். திரளாக நடக்குங்கால் அடியார் இணக்கம் கிட்டும். சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அவ்விணக்கத்தையும் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே தொழுமாறு விதித்தது. தனித்து நடக்குங்கால் ஐந்தெழுத்து ஓத இடையூறில்லை. ஆனாற் கொடைக்கானல் நகரத்திற் கோடை விடுமுறையிற் காணும் கூட்டம் இவ்விரண்டனுள் எதனையும் சேர்ந்ததன்று. உயர்நீதிமன்ற ஆணையால் 2024 மே 7-ஆம் நாள் முதல் அங்குச் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் பெறுதல் வேண்டும் என விதித்தது அக்கூட்டத்தின் பெருக்கத்தாலேயே. நகரத்திலேயே குறிஞ்சியாண்டவர் கோயில் உண்டு. ஐரோப்பிய மரபிற் பிறந்து சைவந்தழுவி, இலங்கைச் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்த லீலாவதி அம்மையார் 1936-இல் எழுப்பியது அது. அதன் முற்றத்தினின்று வானம் தெளிந்த நாளிற் பழனிக் குன்றைக் காணலாம். அங்கும் குறிஞ்சி பூத்த 2018-இற் பூவைத் தேடி வந்தார் பலர்; ஆண்டவனை நோக்கினார் எத்துணைப்பேர் என்பதை அவ்வாண்டவனே அறிவான். மலைவழி நடத்தலை ஐரோப்பியர்க்கு உரியதென ஒதுக்கும் சைவர், ஐரோப்பிய மரபினர் ஒருவர் இம்மலையிற் செய்த சிவத்தொண்டையும் எண்ணிப் பார்ப்பாராக.

நடப்பார்க்கும் சில கூறுதல் வேண்டும். சைவர் பலர் பத்தி ஒன்றே போதுமென விதிகளை மீறுகின்றனர். இக்காடுகளிற் பெரும்பகுதி 2013-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 600 சதுர கிலோமீட்டர்க்கு மேற்பட்டது. வனத்துறை இசைவின்றி அதனுட் புகுதல் குற்றம். 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையிற் காட்டுத்தீயில் அகப்பட்டு 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மாசி பங்குனியில் மலைப்புல் காய்ந்து கிடக்கும். அக்காலத்தில் வழியிடையே கர்ப்பூரம் கொளுத்துதலும் அடுப்பு மூட்டுதலும் வழிபாடாகா. காட்டுமாடு எதிர்ப்படின் அதற்கு வழிவிட்டு ஒதுங்குக; அதனைப் புகைப்படத்திற்காக அணுகுவான் இராவணன் பிழையைச் சிறு அளவிற் செய்வான். ஒலிபெருக்கியிற் பதிகம் போட்டுக்கொண்டு ஏறுவார் இன்னொரு கூட்டத்தார். பதிகம் ஓதுதற்கு வாய் தரப்பட்டுள்ளது. இம்மலைநாட்டை ஆண்ட வையாவிக்கோப் பெரும்பேகன் மயில் குளிரால் நடுங்குமென எண்ணித் தன் போர்வையை அதன்மேல் இட்டுச் சென்றான் எனச் சங்கநூல்கள் புகழும். இக்காலத்தார் மயிலுக்கு இட்டுச் செல்வன பிளாஸ்டிக் புட்டிகளும் பிஸ்கட் உறைகளும்.

சைவ சபைகள் இதிற் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஆண்டிற்கு ஒருமுறை, மழை ஓய்ந்து வழி உலர்ந்ததும் புல் காயாததுமான தைமாதத்து நாட்களில், பத்துப்பேர்க்கு மேற்படாத சிறு குழுவை வனத்துறை இசைவோடும் வெள்ளகவியார் ஒருவரை வழிகாட்டியாகவும் கொண்டு, உரிய கூலி கொடுத்து, கும்பக்கரையிலிருந்து ஏறச் செய்யலாம். ஏற்றம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம். பழக்கமில்லாதார் வெள்ளகவியில் ஊரார் இசைவு பெற்று இரவு தங்கி மறுநாள் வட்டக்கானல் சேர்வது தக்கது. இளைஞர்க்கு மலைபடுகடாத்தையும் அப்பர் கயிலை சென்ற பகுதியையும் முன்னரே பாடம் சொல்லி அழைத்துச் செல்லுதல் வேண்டும். இல்லையேல் உச்சிக்கு ஓடுதலே அவர் கருத்தாகும். குறிஞ்சியாண்டவரைத் தொழுதபின் பூம்பாறைக் குழந்தை வேலப்பரையும் காண்பது முறை. போகர் அமைத்த திருவுருவம் என்று வழிவழி கூறப்படும் அம்மூர்த்தி எழுந்தருளிய ஊர், அடுக்கடுக்கான வயல்களில் மலைப்பூண்டு விளையும் பள்ளத்தாக்கின்கண் உள்ளது. கொடைக்கானலிலிருந்து அதற்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அங்கு நடந்து செல்வார் செல்க, கால் ஓய்ந்தார் பேருந்திற் செல்வதை எவரும் குறை கூறார்.